டெய்சிப் பாத்தியும் மேல் கானும்

டெய்சிக்குத் தண்ணீர் பிடிக்கும், ஐயா. தண்ணீரில் நிற்கத்தான் பிடிக்காது. இதை விளங்கிக்கொள்ளாதவர்கள்தான் அந்தச் செடி கண்டிக்குச் சரிவராது என்று சொல்லித் திரிகிறார்கள். நுவரெலியாவில் தானாக வளருமாம், இங்கே சூட்டில் அழுகிப் போகுமாம். சூடு அதை ஒன்றும் செய்யாது. வேரடியில் தேங்குகிற நீர்தான் அழுக வைக்கிறது. பாத்தியை ஒரு முழம் உயர்த்தி, அடியில் கல் உடைத்துப் போட்டு, மண்ணோடு மகாவலி மணலும் நன்றாக மக்கிய மாட்டெருவும் கலந்து நட்டால் அது வருடக்கணக்கில் நிற்கும். என்னுடையது நின்றது. இன்றும் நிற்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

மண்சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வந்தவன் பூச்செடியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது.

என் பெயர் மயில்வாகனம். ஊர் யாழ்ப்பாணம். கண்டியில் நிலம் அளக்கிற சேவையர் கந்தோரில் படம் வரைகிறேன். மேடு பள்ளங்களைக் கோடுகளாக்குவது என் தொழில். ஒரு சரிவின் தலைப்பில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அது எந்த வழியாக இறங்கி எங்கே போய் நிற்கும் என்று நிலத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பிறகு யாரும் எனக்காக இரக்கப்பட்டு, தெரியாமல் செய்துவிட்டார் என்று பேச வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அம்பிட்டியவில் எங்கள் வீடு றோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. றோட்டோரத்து வடிகாலான கானின் தண்ணீர் எங்கள் வளவின் மேல் மூலையால் இறங்கி, கல் பதித்த வாய்க்காலாக வேலியோரம் ஓடி, கீழே ஓடையில் விழும். அந்த மேல் மூலையிலிருந்து இன்னொரு பழைய மண் கானும் பிரிகிறது. வளவைக் குறுக்காகக் கடந்து கீழ் விளிம்பில் போய் முடிகிற கான். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் அதன் வாயைக் கல்லும் களிமண்ணும் போட்டு அடைத்திருந்தார்கள். ஏன் அடைத்தார்கள் என்பது விளிம்பில் நின்று பார்த்தால் தெரியும். விளிம்புக்குக் கீழே இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண். அந்த மண்ணின் அடியில், அதை ஒட்டினாற்போல, பாயிஸின் வீடு.

பாயிஸ் தையல்காரர். பட்டணத்தில் ஒரு கடையில் வேலை. சொந்த ஊர் அலவத்துகொட. மலேரியா வந்த வருடத்தில் அவருக்கும் மனைவி றம்லத்துக்கும் இருந்த ஒரே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. மேட்டு நிலத்தில் காய்ச்சல் குறைவு என்று யாரோ சொல்ல, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். வந்த புதிதில் றம்லத் எழுந்து நடமாடாமல் பாயிலேயே கிடந்தாள் என்று கேள்விப்பட்டு, என் மனைவி வடிவம்மா கஞ்சி காய்ச்சிக் கொண்டு இறங்கினாள். நான் தடுக்கவில்லை. அயலவருக்கு உதவுவது நல்ல காரியம்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வடிவம்மா அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. வீடு அமைதியாக இருந்தது. விடியற்காலையில் அவள் பாத்தியில் நத்தை பொறுக்குவாள். வாடிய பூக்களைக் கணுவோடு வெட்டுவாள். கணுவோடு வெட்டினால்தான் அடுத்த அரும்பு வரும். இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாளும் பிழை விட்டதில்லை. தை மாதத்தில் பட்டணத்தில் பூக்கண்காட்சி நடக்கும். என் டெய்சிகள் இரண்டாம் பரிசு வாங்கிய வருடம், அவள் முதல் தரமாக என்னோடு அங்கே வந்தாள். ஒரு மூலையில் நின்று, கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தாள். திரும்பி வரும் வழியில், வடிவாய் இருந்தது என்று சொன்னாள். எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவில் இருக்கும். எனக்கு அது போதும்.

டெய்சியை மூன்று வருடத்துக்கு ஒரு தரம் தூரோடு கிளப்பிப் பிரிக்க வேண்டும். நடுக்கட்டை முற்றிக் கட்டைப்பட்டுப் போயிருக்கும். அதை எறிந்துவிட்டு ஓரத்து இளம் வேர்களை மட்டும் நட வேண்டும். அந்த வருடம் பிரித்தபோது நடுக்கட்டைகளை வேலியோரம் குவித்து வைத்தேன், எரிப்பதற்கு. அடுத்த நாள் குவியல் பாதியாகிவிட்டது. நான் பெரிதாக எடுக்கவில்லை. சில மாதம் கழித்து விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது, பாயிஸின் முற்றத்தில் மண்ணெண்ணெய்த் தகரங்களில் என் டெய்சி பூத்திருந்தது. நான் எறிந்த கட்டைகள். என் பாத்தியில் அந்த வாரம் அவ்வளவு பூ இருக்கவில்லை.

“உந்தச் செடியை ஆர் குடுத்தது?” என்று வடிவம்மாவைக் கேட்டேன்.

“நான்தான். எறிஞ்சதுதானே.”

“எறிஞ்சது எறிஞ்சபடி கிடக்க வேணும்.”

 அதற்குப் பிறகு பின்னேரங்களில் அவள் கீழே போவது கூடியது. ஒரு நாள் நான் கந்தோரிலிருந்து வழமையை விட வேளைக்கு வந்துவிட்டேன். கீழேயிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அலவத்துகொடயிலிருந்து யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் அது என் மனிசி என்று விளங்கியது. இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்; அந்தச் சத்தம் எனக்குப் புதிது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஐப்பசி மழை அந்த வருடம் மோசமாக இருந்தது. றோட்டுக் கான் நிரம்பி, கல் வாய்க்கால் கொள்ளாமல், தண்ணீர் என் பாத்திக்குள் ஏறியது. செடிகள் கண்காட்சிக்காகப் புதுத் தளிர் விடுகிற நேரம். கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. இன்னும் இரண்டு நாள் நின்றால் வேர் போய்விடும். நான் மேல் மூலைக்குப் போய், பழைய கானின் அடைப்பில் சில கற்களைப் பிடுங்கினேன். தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. பின்னேரத்துக்குள் பாத்தி வடிந்துவிட்டது. செடிகள் நிமிர்ந்ததைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

மாதம் முடியுமுன் பாயிஸ் வந்தார். தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். கதிரை கொடுத்தும் உட்காரவில்லை.

“ஐயா, கோவிச்சிக்க வேணாம். எங்கட பின் செவரு ஊறி வருது. மேல இருந்து தண்ணி எறங்குற மாதிரி ஈக்கி. ஒங்கட பக்கத்துக் கான ஒருக்காப் பாக்கேலுமா?”

“பாக்கிறன், பாயிஸ். உந்த மழைக்கு எல்லா இடமும்தான் ஊறும்.”

“அது செரிதான் ஐயா. றம்லத்துக்கு மாசம் கிட்டி வருது. அதாலதான் ஐயாக்கிட்ட செல்ற.”

போகும்போது அவருக்கு ஒரு பிடி பூ வெட்டிக் கொடுத்தேன். முந்திப் பூத்தவற்றை எப்படியும் வெட்டத்தான் வேண்டும். அப்போதுதான் பின்னால் வருபவை பெரிதாகும். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சொன்னபடி அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, விளிம்போடு ஒத்து, நிலம் நீளத்துக்கு வெடித்திருந்தது. விரல் நுழைகிற அகலம். என் அளவுகோலை உள்ளே இறக்கினேன், அடி தட்டவில்லை. அதன் பொருள் எனக்குத் தெரியும். பாத்தியில் வெட்டிய தழைகளை அள்ளிக்கொண்டு வந்து வெடிப்பின் மேல் பரப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தால் ஆட்கள் நடக்கிறவர்கள். கால் இடறிவிடக் கூடாது.

கானை நான் மூடவில்லை. மூடினால் தண்ணீர் திரும்பவும் பாத்திக்குத்தான் வரும்.

கார்த்திகையில் ஒரு நாள் பின்னேரம் வடிவம்மா ஒரு தலையணையும் மாற்றுச் சேலையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். றம்லத்துக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது, துணைக்குப் போனாள் என்று மரண விசாரணையில் சொன்னேன். அது பொய் இல்லை. அடுத்த நாள் காலையில் றம்லத்துக்கு நோ கண்டது. பாயிஸ் மருத்துவிச்சியைக் கூட்டிவரப் போனார். அவர் றோட்டில் இருந்த நேரத்தில் மண் இறங்கியது. சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. ஈரச் சாக்கு மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தது போல ஒரு சத்தம்; பிறகு ஓடுகள் முறிகிற சத்தம். அயலவர்கள் ஓடிவந்து மத்தியானம் வரை கிண்டினார்கள். நானும் கிண்டினேன். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். றம்லத்தின் தலைமாட்டில், அவளுடைய இரண்டு கையையும் பிடித்தபடி வடிவம்மா இருந்தாள்.

கந்தோரிலிருந்து எல்லோரும் சாவீட்டுக்கு வந்தார்கள். பெரிய துரையும் வந்து என் தோளில் கை வைத்தார். பாயிஸ், தன் மனைவியை அடக்கிவிட்டு, இடுப்பில் அந்த மண் படிந்த சாரத்தோடே என் வீட்டுக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, எங்க ரெண்டு பேருக்கும் அல்லாஹ் ஒரே நாள்ல எழுதிட்டான்,” என்றார். “அக்கா இல்லாட்டி அவ தனியாப் போயிருப்பா. அக்கா கூட இருந்தாவே, அது போதும்.”

நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி காணுமா என்று கேட்டேன்.

தை மாதக் கண்காட்சிக்கு நான் போக மாட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். போனேன். செடிகளுக்குத் துக்கம் தெரியாது. அவை நேரத்துக்குப் பூத்திருந்தன. முதல் பரிசு கிடைத்தது. கோப்பையைத் தந்த சீமாட்டிக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், கண் கலங்கினார். என் மனைவியின் நினைவாக இந்தப் பூக்களைக் கொண்டுவந்தேன் என்று இங்கிலிஷில் சொன்னேன். கூடியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இதெல்லாம் இப்படியே முடிந்திருக்கும். நான் இன்றைக்கு இங்கே வர வேண்டியிருந்திருக்காது. ஆனால் விசாரணையைத் திரும்ப எடுத்தபோது றோட்டு வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் வந்து சாட்சி சொன்னார். பழைய கானை அவர் பார்க்கவேயில்லை. அதன் கீழ்ப்பகுதி மண்ணோடு போய்விட்டது. மேல் வாயை நான் மண் இறங்கிய அன்றைக்கே திரும்ப அடைத்து, புல்லும் பதித்துவிட்டேன். அவர் சொன்னது இது: வளவுக்காரர் பூப்பாத்திக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் விட்டிருக்கிறார், பாத்தி முறையாக அமைக்கப்படவில்லை, அடியில் வடிகால் இல்லாததால் நீர் தேங்கி, சரிவு ஊறி இறங்கியது, அறியாமையால் நேர்ந்த விபத்து.

வடிகால் இல்லையாம். அந்தப் பாத்தியின் அடியில் நான் என் கையால் உடைத்துப் போட்ட கல் இருக்கிறது. மலை இறங்கிய அன்றைக்கும் அதன் வரம்பில் ஒரு கல் அசையவில்லை. அறியாமை என்றும் சொன்னார். அரசாங்கக் கச்சேரியின் வாசலடியில் ஆட்கள் அதைப் பேசிச் சிரித்ததாக அறிந்தேன். பல நாள் யோசித்துப் பார்த்தேன். இப்படி ஒரு பிழையான பேச்சு பதிவில் நிற்பதை நான் விரும்பவில்லை. ஆகவே விசாரணையில் நான் விட்டுவிட்ட பகுதியைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கார்த்திகைப் பின்னேரம் நான் கந்தோரால் வந்தபோது வடிவம்மா விளிம்பில் குந்தியிருந்தாள். தழைகளை ஒதுக்கி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“இஞ்சருங்கோ, உந்தத் தழையை ஏன் அதில போட்டனீங்கள்?”

நான் குடையைச் சுருக்கி வைத்தேன்.

“வெடிப்புக்குள்ள என்ர கை முழங்கை மட்டும் போகுது. கானை மூடுங்கோ.”

“தை மட்டும் பொறு. பூ முடிய மூடுவம்.”

“அவள் பிள்ளைத்தாச்சி. எழும்பி ஓடவும் ஏலாது.”

“அப்ப வேற வீடு பாக்கச் சொல்லு.”

அவள் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அலுமாரியைத் திறந்து சேலையை எடுத்தாள். படியிறங்கும்போது திரும்பி நின்று, சத்தம் போடாமல் சொன்னாள்.

“நான் கீழ போய்ப் படுக்கிறன். நான் அங்க இருக்கிறன் எண்டாலாவது மூடுவியள்தானே.”

குடையைக் கொண்டு போ என்றேன். எடுக்காமல் போனாள்.

அவள் பாயிஸிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் மண்வெட்டியோடு மேலே வந்திருப்பார். தன் புருஷனைப் பற்றி அயலார் அப்படி அறிவதை அவள் விரும்பமாட்டாள். அந்த விதத்தில் அவள் நல்ல மனிசி. தானே மூடப் பார்த்திருக்கிறாள். நான் கானடிக்குப் போனபோது வாயில் புதுக் களி அப்பியிருந்தது. அதில் அவளுடைய விரல் தடங்கள் இருந்தன. கல்லைப் புரட்ட அவளுக்குப் பலம் காணவில்லை. தண்ணீர் அந்தக் களியைக் கரைத்துக்கொண்டிருந்தது.

மூடுவதற்குத்தான் போனேன், ஐயா. மண்வெட்டியும் கொண்டு போனேன். மழை பலத்துப் பெய்தது. கீழே விளக்கு ஏற்றிவிட்டார்கள். கோப்பைகள் வைக்கிற சத்தமும், வடிவம்மா றம்லத்தை இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று வற்புறுத்துகிற சத்தமும் கேட்டன. எங்கள் குசினி அடுப்பு எரியாமல் இருட்டாக இருந்தது. அந்த வீட்டில் நான் இருக்கிறேன் என்பது கீழே யாருக்கும் நினைவில்லை என்று தோன்றியது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அந்தக் களியை மண்வெட்டியால் வழித்தெடுத்தேன். பிறகு மிச்சமிருந்த கற்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் அடுக்கினேன். றோட்டுக் கானின் தண்ணீர் முழுவதும் அந்த வழியால் போகத் தொடங்கியது. ஒரு பெண் தன் புருஷனை அப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஆக, அவர்கள் மூன்று பேரும் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்து, மண் விழும் என்றும் தெரிந்து, நான் அந்தக் கானைத் திறந்துவிட்டேன். பாத்தியில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஓவசியரின் பேச்சுக்குப் பதிலாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம். காலையில் நான் எழும்பி வெளியே வந்தபோது மழை தூறலாகிவிட்டது. வடிவம்மா கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வெட்டிய மண்ணின் மேலிருந்து செந்தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கான் திறந்து கிடக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“றம்லத்துக்கு நோ கண்டிட்டுது. பாயிஸ் மருத்துவிச்சியிட்டப் போயிட்டார். இவளை இப்ப அசைக்கேலாது. மூடுங்கோ.”

“நீ மேல வா,” என்றேன்.

“இவளை விட்டிட்டு வரமாட்டன்.”

உள்ளேயிருந்து றம்லத் முனகினாள். வடிவம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் ஏதாவது கெஞ்சியிருந்தால் எப்படியிருந்திருக்குமோ தெரியாது. கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாறன்,” என்றேன்.

அவள் அதை நம்பினாள், ஐயா. முகத்தில் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் சொன்ன சொல்லுக்கு மாறாக நடக்கவில்லை. மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். கானுக்குப் போகிற வழியில்தான் பாத்தி இருக்கிறது. இரவுக் காற்றில் சில தண்டுகள் சாய்ந்து கிடந்தன. அரும்பு மண்ணில் பட்டால் கறுத்துவிடும். மண்வெட்டியை நிலத்தில் குத்தி வைத்துவிட்டு, குச்சி ஊன்றி ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கட்டினேன். நூலை இறுக்கிக் கட்டக் கூடாது, தண்டு காயப்படும். கீழேயிருந்து ஒருமுறை என்னைக் கூப்பிட்டாள். ஓம், ஓம், வாறன் என்று பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் முறையும் கூப்பிட்டாள்.

இன்னும் ஒரு வரிசைதான் மிச்சமிருந்தது, ஐயா. வடிவம்மா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.